இது படமா, விளையாட்டா?

"எம்மா, இது கேம் இல்ல, படம். இன்டர்ஆக்டிவ் மூவி!"

பள்ளிக்கூடம், காலேஜ் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஒரு கதை ஓடுகிறது. ஆட்கள் பேசுகிறார்கள், அழுகிறார்கள், பாட்டுகூட வருகிறது. நடுநடுவே பிள்ளை ஒரு பொத்தானை அமுக்குகிறது, கதை மேலே போகிறது. "என்னடா, எந்நேரமும் விளையாட்டு?" என்று அதட்டினால், மேலே சொன்ன பதில் வருகிறது. ‘நாமும் கை வைத்து நடத்துகிற படம்’ என்பது அந்த இங்கிலீஷ் பெயருக்கு அர்த்தமாம்.

பெயரில் என்ன இருக்கிறது, எப்படியோ சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் வீட்டில் பெயருக்குத் தகுந்த மாதிரிதான் நாம் நடந்துகொள்கிறோம். ‘படம்’ என்றால் நமக்குப் பயம் விட்டுப் போகிறது. சென்சார் பார்த்திருப்பார்கள், இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம் என்று நினைத்துக்கொள்கிறோம். ‘கேம்’ என்றாலோ வயிற்றில் புளி கரைக்கிறது. செல்போனில் ரம்மி ஆடிக் கடனாளியான குடும்பங்களைப் பற்றிப் பேப்பரில் எத்தனை படித்திருப்போம்! பணம் வைத்து ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் சட்டமே நிறைவேறியது. அதனால் பிள்ளைகள் ‘கேம்’ என்ற சொல்லை நம் காதில் படாமல் மாற்றிச் சொல்வதிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது! ஆனால் அந்தப் பெயர் சரிதானா?

‘கை வைக்கிற படம்’ என்று உண்மையிலேயே சொல்லத்தக்க படங்கள் உண்டு. 1967-ல் கனடாவில் மான்ட்ரியல் நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கியா நாட்டு அரங்கத்தில் ‘கினோ ஆட்டோமாட்’ என்று ஒன்றைக் காட்டினார்கள். ராடுஸ் சின்செரா என்பவர் அமைத்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் சிவப்பு, பச்சை என்று இரண்டு பொத்தான்கள். முக்கியமான கட்டத்தில் படம் நின்றுவிடும். ஒருவர் மேடைக்கு வந்து, "இப்போது என்ன செய்யலாம்?" என்று ஜனங்களைக் கேட்பார். எந்தப் பொத்தானுக்கு ஓட்டு அதிகமோ அந்த வழியில் படம் ஓடும். இதில் வேடிக்கை என்னவென்றால், எந்த வழியில் போனாலும் கதை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து சேரும்படிதான் எடுத்திருந்தார்கள். 1983-ல் அமெரிக்காவில் டான் புளூத் என்ற கார்ட்டூன்காரர் வரைந்த ‘டிராகன்ஸ் லேர்’ வந்தது. சரியான நொடியில் கையை அசைக்காவிட்டால் வீரன் செத்துப் போவான். 2018 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் ‘பேண்டர்ஸ்நாட்ச்’ என்ற படத்தை வெளியிட்டது. திரையில் இரண்டு வழி காட்டும், பத்து விநாடிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025-ல் அதை எடுத்தும் விட்டார்கள்.

இவற்றைப் படம் என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உட்கார்ந்து பார்க்கிறோம், எப்போதாவது ஒரு தரம் ‘இதுவா, அதுவா’ என்று சொல்கிறோம். ஓட்டலில் "பொங்கலா, பூரியா?" என்று கேட்கிற மாதிரி. நாம் சொல்வதோடு சரி, சமைக்கிறவர் வேறு ஆள்.

ஆனால் நாமே சமைக்கிற மாதிரி ஒன்று வந்திருக்கிறது. அதுவும் நம் தமிழ்ச் சமையல்! பெயர் ‘வெண்பா’. கனடாவில் டொராண்டோ நகரத்தில் இருக்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறிய நிறுவனம் 2023 ஜூலை கடைசியில் வெளியிட்டது. அபி என்ற தமிழர் முன்னின்று செய்தது. 2024-ல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுகளில், முதல் படைப்புக்கான பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை, நமக்குத் தெரிந்த கதைதான். வெண்பா என்ற பெண்ணும் அவள் கணவன் பாவலனும் 1980-களில் தமிழ்நாட்டை விட்டுக் கனடா போகிறார்கள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும்போது அவள் வயிற்றில் குழந்தை. கவின் பிறக்கிறான். பள்ளிக்கூடம் போகப் போக, அம்மா பேசுகிற தமிழும் அம்மா கட்டித் தருகிற சாப்பாடும் பையனுக்குக் கூச்சமாகிவிடுகிறது. அவ்வளவுதான். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

இதில் நம் வேலை என்ன தெரியுமா? வெண்பாவின் அம்மா எழுதிக்கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு ஒன்று இருக்கிறது. கிழிந்து, கறை பட்டு, எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்லிக்கும் புட்டுக்கும் பிரியாணிக்கும் குறிப்பில் பாதி காணோம். விட்டுப்போனதை யோசித்து நாம்தான் சமைத்து முடிக்க வேண்டும்.

என் நாத்தனார் மகள் லீவில் வந்திருந்தபோது லேப்டாப்பில் இதை ஆடிக் காட்டினாள். இங்கிலீஷில் வருகிற பேச்சை அவளே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். என் மாமியார், அவளுக்கு ஆச்சி, வெற்றிலையை மென்றபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். இட்லி கட்டம் வந்தது. பெண் தட்டுகளை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவ்வளவுதான், அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, தட்டை மாத்தி வையிட்டி! குழிக்கு மேல குழி வந்தா ஆவி எப்படிட்டி ஏறும்?"

"நீங்களே வையுங்க ஆச்சி" என்று மவுஸை அவர்கள் கையில் கொடுத்துவிட்டாள். எழுபது வயதுக்கு மேல் மவுஸ் பிடித்த கை நடுங்கியது. தட்டு இங்கே போக வேண்டியது அங்கே போனது. ஆனால் மாற்றித்தான் அடுக்கினார்கள். இட்லி வெந்தது. அந்த வெண்பா புருஷனுக்கு எடுத்து வைத்தபோது அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. தான் அவித்த இட்லி அல்லவா!

டெண்ட் கொட்டகையில் படம் பார்த்த காலத்திலிருந்து நாமும் திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டுதான் இருக்கிறோம். "எய்யா, பின்னால நிக்கான் பாரு!" என்று கதாநாயகனுக்கு எத்தனை பேர் எச்சரிக்கை கொடுத்திருப்பார்கள்! அவர் என்றைக்காவது திரும்பிப் பார்த்தாரா? இங்கே அத்தை சொன்னார்கள், தட்டு திரும்பியது. படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

"அதெல்லாம் சரி மதினி, ஆனா கதை மாறலையே? நீங்க இட்லி அவிச்சாலும் அவிக்காட்டாலும் கவின் அப்படித்தான் இருப்பான், முடிவும் அப்படியே. அப்போ படம்தானே?" என்று என் நாத்தனார் கேட்டாள். நல்ல கேள்வி. வெண்பாவில் நாம் எந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தாலும் கதையின் போக்கு பெரிதாக மாறாது என்பது வாஸ்தவம். தோற்றுப்போவதும் கிடையாது, சமையல் கெட்டால் மறுபடி செய்யலாம்.

ஆனால் முடிவு மாறினால்தான் விளையாட்டு என்று யார் சொன்னது? வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க நாம் ஆடுகிற பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் கதை இருக்கிறது. பாவத்துக்குப் பாம்பு, புண்ணியத்துக்கு ஏணி, உச்சியில் வைகுண்டம். யார் ஆடினாலும் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். அதை யாரும் நாடகம் என்று சொன்னதில்லை. ஏனென்றால் பாம்பு கொத்திச் சறுக்கும்போது சறுக்குவது நம் காய். பக்கத்து வீட்டுக்காரர் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் அதற்கு ஏது ருசி?

எங்கள் ஓட்டப்பிடாரத்தை வைத்தே சொல்கிறேன். வ.உ.சி. 1872-ல் பிறந்த ஊர் இது. நினைவு இல்லமும் இங்கே இருக்கிறது. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரனின் கண்ணில் விழுந்த மண்ணாக இருந்தவரை 1908-ல் பிடித்துப் போட்டார்கள். கோயம்புத்தூர் ஜெயிலில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுக்க வைத்தார்கள். 1961-ல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாஜி செக்கிழுக்கிற காட்சியைப் பார்த்து அழாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. அழுதோம். இரண்டு மூன்று நிமிஷத்தில் அடுத்த காட்சி வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

இதையே யாராவது ஒரு கதை விளையாட்டாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். செக்கு ஒரு சுற்று வருவதற்குப் பொத்தானை விடாமல் அமுக்க வேண்டும். பத்துச் சுற்று, இருபது சுற்று. விரல் வலிக்கிறது. ‘போதும்’ என்று விட்டால் வார்டன் அதட்டுகிறான். மறுபடி அமுக்க வேண்டும். சரித்திரம் மாறாது, மாறவும் கூடாது. ஆனால் அந்தப் பிள்ளை செக்கைப் பார்த்தோம் என்று சொல்லாது, இழுத்தோம் என்று சொல்லும். இதற்கு ‘படம்’ என்ற பெயர் போதுமா?

(கட்டபொம்மனைக் கயத்தாற்றுப் புளியமரத்திலிருந்து காப்பாற்றுகிற மாதிரி ஒரு விளையாட்டு வந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். பாஞ்சாலங்குறிச்சி எங்களுக்குப் பக்கத்து ஊர். எனக்கே அந்தப் பொத்தானை அமுக்கத்தான் ஆசை வரும்!)

கை பட்டால் மனசிலும் ஆழமாகப் படுகிறது என்பது நல்லதற்கு மட்டுமல்ல. தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். 2010-ல் வந்த ‘ஹெவி ரெயின்’ என்ற கதை விளையாட்டு பார்வைக்குச் சாட்சாத் சினிமாதான். காணாமல் போன மகனைத் தேடுகிற தகப்பன் கதை. முகம் மழிப்பதும் மேஜையில் தட்டு வைப்பதும்கூட நம் கையால் நடக்கின்றன. பின்னால் ஒரு கட்டத்தில், மகனைக் காப்பாற்றத் தகப்பன் தன் விரலையே வெட்டிக்கொள்ள வேண்டி வருகிறது. படமாக இருந்தால் நாம் கண்ணை மூடிக்கொள்வோம். இதில் வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்து, கையாலும் நடத்த வேண்டியது ஆடுகிறவர்தான். அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று முத்திரை குத்திய சரக்கு இது. ‘படம்தானே’ என்று பத்து வயதுப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நாம் துணி துவைக்கப் போகலாமா?

சென்சார் விஷயமும் இருக்கிறது. தியேட்டருக்கு வருகிற படத்துக்கு ‘யு’, ‘ஏ’ சர்டிபிகேட் உண்டு. 2024-லிருந்து ‘யுஏ’வையும் 7, 13, 16 வயது என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். விளையாட்டுகள் அந்தப் போர்டுக்குப் போவதில்லை. செல்போனில் பிளே ஸ்டோரிலிருந்து எடுக்கிற விளையாட்டில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று ஒரு எண் போட்டிருக்கும். அது பெரும்பாலும், தயாரித்தவர்களே ஒரு கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்து வாங்குகிற எண். ஒன்றுமில்லாததற்கு அது மேல். அதையாவது பார்த்துவிட்டு இறக்கச் சொல்லுங்கள். கூடவே, ஆட்டத்துக்குள் காசு கட்டச் சொல்லும் இடம் இருக்கிறதா என்றும் அந்தப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

‘இன்டர்ஆக்டிவ் மூவி’ என்ற பெயரைக் கினோ ஆட்டோமாட், பேண்டர்ஸ்நாட்ச் மாதிரியானவற்றுக்கே விட்டுவிடலாம். மற்றவற்றைக் ‘கதை விளையாட்டு’ என்று எங்கள் வீட்டில் சொல்ல ஆரம்பித்துவிட்டோம். அதனால் ஒரு சௌகரியம். "கேமா?" என்று நான் முறைப்பதும் இல்லை, "படம்தாம்மா" என்று பிள்ளைகள் மழுப்புவதும் இல்லை. "என்ன கதை? அதில் நீ யார்? உன் கையால் என்ன செய்யச் சொல்கிறார்கள்?" என்று மூன்று கேள்வி கேட்கிறேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் முழுங்கினால் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெண்பாவிலிருந்தே தொடங்கலாம். மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஒரு சினிமாவைவிடச் சின்னது. மகன் கவின் வளர்ந்து, அம்மாவின் குறிப்பை வைத்துத் தானே சமைக்க நிற்கிற கட்டம் ஒன்று வருகிறது. அவனுக்குத் தமிழ் சரியாக வாசிக்க வராது. பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தடுமாறுகிறான். நமக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கிற குறிப்பு, அவன் கையாக நாம் இருக்கும்போது நமக்கும் மங்கித்தான் தெரிகிறது. அந்த இடத்தில் லேப்டாப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அன்று ராத்திரி, "ஆச்சி, நீங்க இட்லிக்கு எத்தனை படி அரிசிக்கு எவ்வளவு உளுந்து போடுவீங்க?" என்று அந்தப் பெண் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அத்தை, "கை அளவுதான்ட்டி, அதை எப்படி எழுத?" என்றார்கள்.