பக்கத்து வீட்டுக்காரர் வரி போட்டால்..?

பத்து வருஷமாகப் பக்கத்து வீட்டுக்கு நீங்கள்தான் பால் ஊற்றுகிறீர்கள். நல்ல சிநேகிதம் வேறு. திடீரென்று ஒரு நாள், "இனிமே உங்க பால் வாசப்படி தாண்டணும்னா வரி கட்டணும்!" என்கிறார். "போய்யா, ஊர்ல வேற வீடே இல்லையா?" என்று கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்புவீர்கள். கிளம்பின பிறகுதான் தெரியும்... அடுத்த வீடு நாலு மைல் தள்ளி!

கனடாவுக்கு இது இரண்டு தடவை நடந்தது.

முதல் ரவுண்டு, 1930. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார நிபுணர்கள் "வேண்டாம் சாமி!" என்று மனுப் போட்டும் கேட்காமல், ஸ்மூட்-ஹாலி வரிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார் அமெரிக்க ஜனாதிபதி ஹூவர். முட்டை இறக்குமதிக்கு டஜனுக்கு 8 சென்ட்டாக இருந்த வரி 10 ஆனது. கனடா சும்மா இருக்குமா? 3 சென்ட் வாங்கிக்கொண்டிருந்த அதுவும் 10 ஆக்கியது. இதில் தமாஷ், அதிகமாக முட்டை விற்றுக்கொண்டிருந்ததே அமெரிக்காதான்!

கோபித்துக்கொண்ட கனடா, பிரிட்டன் பக்கம் திரும்பியது. 1932 ஒட்டாவா மாநாட்டில் கனடாவின் கோதுமைக்கும் மரத்துக்கும் பிரிட்டன் சலுகை தந்தது. சும்மா இல்லை, பதிலுக்கு பிரிட்டிஷ் சரக்குக்குக் கனடாவும் வரியைத் தளர்த்த வேண்டியிருந்தது. நடுவே அட்லான்டிக் கடல் வேறு! கடைசியில் 1935ல், அதே அமெரிக்காவோடு உட்கார்ந்து புது ஒப்பந்தம் போட்டார்கள்.

இரண்டாவது ரவுண்டு, 2025 மார்ச். கனடா சரக்குக்கு 25 சதவிகிதம் வரி என்றார் டிரம்ப். பிறகு பல பொருட்களுக்கு விலக்குக் கிடைத்தாலும், பயம் போகவில்லை. போகுமா? கனடாவின் ஏற்றுமதியில் சுமார் முக்கால்வாசி அந்த ஒரே வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது!

பிரதமர் மார்க் கார்னி 2026 ஜனவரியில் பெய்ஜிங் போனார். கனடாவின் கனோலா விதைக்கு வரியைக் குறைக்கச் சம்மதித்தது சீனா. விலை? 2024ல் 100 சதவிகித வரி போட்டுத் தடுத்து வைத்திருந்த சீன எலெக்ட்ரிக் கார்களில், வருஷத்துக்கு 49,000 வரை 6.1 சதவிகித வரியில் உள்ளே விடவேண்டும்! கனோலா விவசாயிக்குச் சிரிப்பு. ஒன்டாரியோ கார் தொழிற்சாலைக்காரருக்கு வயிற்றில் புளி.

புது சிநேகிதம் தேடுவது தப்பே இல்லை, சார். தேடுகிற நேரம்தான் முக்கியம். நாலு வீட்டு வாடிக்கையைக் காலையிலேயே பிடித்து வைக்கவேண்டும். உச்சி வெயிலில் பாலைத் தூக்கிக்கொண்டு அலைந்தால், மோர் விலைக்குத்தான் கேட்பார்கள்!