மேடை உடுப்பும் சப்பாத்தும்

1978இல் இலங்கையில் தொடங்கி, பின்னர் லண்டனுக்கு வந்த தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நாடகம் போட்டுள்ளது. இன்று சூரிச், நாளை ஜெனீவா என்று மேடையேறும் எங்கள் கலைஞர்களுக்கும் ஒரே சிக்கல்தான்: வியர்த்த உடுப்பை எப்போது தோய்ப்பது? நள்ளிரவில் வீடு திரும்பினாலும், மாடிவீட்டுத் தோய்க்கும் அறையில் எங்கள் முறை வரவேண்டுமே!

சரிகை உடுப்பைத் தினமும் தோய்க்க முடியாது. உள்ளே பருத்திப் பெனியன் அணிந்து, அதை மட்டும் இரவில் கையால் அலசுங்கள். உடுப்பைக் காற்றாட விரித்துவிடுங்கள்.

ஈரச் சப்பாத்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். இரண்டு சோடி வைத்து மாறிமாறி அணியுங்கள். கழற்றியதில் பத்திரிகைத் தாளைத் திணித்து 24 மணிநேரம் உலரவிடுங்கள். ஹீற்றரில் வைத்தால் தோல் வெடிக்கும். முறை வந்ததும் மேசுகளை 60 பாகையில் தோயுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறு புண்ணையும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.