ஜூன் மாதத்துக் காலி இடங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் சென்னை துரைப்பாக்கத்து அபார்ட்மென்ட் ஒன்றின் இரண்டாம் மாடி வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்துபோகும். ஆறு ஜோடிக் குட்டிச் செருப்புகள் கிடந்த இடத்தில் மூன்றுதான் இருக்கும். மற்ற மூன்று பேர் எல்.கே.ஜி.க்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டில் பல வருடங்களாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குச் சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே வரும் மாதம் அது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். என் மகளும் அங்கே வளர்ந்தவள் என்பதால் எனக்கும்.

மளிகைக் கடைக்கு ஒரு குடும்பம் இருபது வருடம்கூட வரும். பிள்ளை பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு அதிகம் போனால் மூன்று வருடம். அதன் பிறகு புதுப் பிள்ளைகளைத் தேடியாக வேண்டும். தொடங்கிய புதிதில் அக்கா ஆயிரம் நோட்டீஸ் அடித்து, பேப்பர் போடும் பையனிடம் கொடுத்து நாளிதழுக்குள் வைக்கச் சொன்னார். வந்த இரண்டொரு போனும் மாதம் எவ்வளவு என்று கேட்டதோடு சரி. கைக்குழந்தையை யாரும் நோட்டீஸ் பார்த்துக் கொண்டுவந்து விடுவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது என்பார்.

பிள்ளை வருவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு 18 வாரம்தான் ஆகியிருக்கும். நாலு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே; கழுத்து நின்று, குப்புற விழப் பழகும் பருவம். கடைசி வாரம் வரை ஆபீஸ் போனவருக்கு ஆறு மாதம் கிடைக்கும். தமிழக அரசு ஊழியர் என்றால், 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். ஆக, ஐ.டி. கம்பெனி அம்மாவின் குழந்தை தவழ்வதற்கு முன்பே வரும். அரசுப் பள்ளி டீச்சரின் குழந்தை நடந்துகொண்டு வரும். எட்டு மாதத்துக்கு மேல் குழந்தைக்கு வேற்றுமுகம் தெரிந்துவிடும். ஆறு மாதக் குழந்தை இரண்டு நாளில் ஒட்டிக்கொள்ளும் இடத்தில், ஒரு வயதுக் குழந்தை இரண்டு வாரம் அழும். அந்த இரண்டு வாரமும் அம்மா கூடவே வந்து உட்கார்ந்து, முதல் நாள் அரை மணி, அடுத்த நாள் ஒரு மணி என்று பழக்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் சேர்த்துக்கொண்டால், மூன்றாம் நாளே கண்ணீரோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்படியானால் அந்த அம்மாவை எங்கே பார்ப்பது? அரசு அட்டவணைப்படி 6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசி. அடுத்த ஊசி குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆகும்போதுதான். 14-வது வார ஊசிக்கு வரிசையில் நிற்கும் அம்மாவின் மனதில் "திரும்பப் போகணுமே, யார்கிட்ட விடறது?" என்ற கேள்வி ஓட ஆரம்பித்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியருக்கும், தெருமுனைக் குழந்தை டாக்டரின் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கும் அக்காவைத் தெரியும். அவர்களிடம் அவர் கமிஷன் பேசியதில்லை. "வந்து என் வீட்டைப் பாருங்க. பார்த்துட்டு மனசுக்குப் பட்டதைச் சொல்லுங்க" என்று கூப்பிட்டார், அவ்வளவுதான். இன்னொருவர், கேட் ஓரம் தள்ளுவண்டியில் துணி தேய்க்கும் அண்ணன். எந்த வீட்டுத் துணிமூட்டையில் குட்டிச் சட்டைகள் வர ஆரம்பித்திருக்கின்றன என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்கள் பலரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. எல்லோரும் ஐ.டி. கம்பெனி கேட்டையே பார்க்கிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறை எப்படியோ, கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு உரிமையாவது இருக்கிறது. அதே தெருவில் ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் பல் கிளினிக், ரத்தப் பரிசோதனை லேப், மருந்துக்கடை, டெய்லர் கடை எல்லாம் இருக்கின்றன. பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளுக்கு இந்தச் சட்டமே பொதுவாக எட்டுவதில்லை. அங்கே இருக்கும் பெண் மூன்று மாதக் குழந்தையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள், இல்லாவிட்டால் வேலையை விடுகிறாள். வீட்டுக் காப்பகம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இல்லை. நடந்துபோய்த்தான் சொல்ல வேண்டும். அவர்களால் முழு மாதக் கட்டணம் தர முடியாமல் போகலாம். அக்கா அரைநாள் கணக்கில் இரண்டு பேரைச் சேர்த்து ஒரு இடத்தை நிரப்புகிறார்: காலையில் லேபில் ரத்தம் எடுக்கும் பெண்ணின் குழந்தை, மாலையில் கிளினிக் பெண்ணின் குழந்தை.

இத்தனை பேரைத் தேடிக் கண்டுபிடித்தாலும் முடிவு எடுப்பது பெரும்பாலும் அம்மா இல்லை. பாட்டி. நான் அங்கே இருந்த ஒரு நாள், பதினோரு மணி வாக்கில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பாட்டி வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நேராகப் பாத்ரூம். தரை ஈரமாக இருக்கிறதா, வாளியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தார். வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தவழும் பிள்ளைக்கு அரை வாளித் தண்ணீரே ஆபத்து என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு சமையலறை, பால்கனிக் கம்பிகளின் இடைவெளி, தூளி தொங்கும் கொக்கி. கடைசியாக, "பாட்டில்லதான் குடுப்பீங்களா?"

"இல்லம்மா, பாலாடைதான்." அக்கா தண்ணீரில் கொதிக்கவைத்து மூடி வைத்திருந்த வெள்ளிப் பாலாடையை எடுத்துக் காட்டினார். ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே மூன்று சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயரும் தாய்ப்பால் எடுத்த நேரமும் பேனாவால் எழுதியிருந்தது. "வெளிய வச்சா நாலு மணி நேரம் தாங்கும்பாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு அதை நம்ப மாட்டேன். வந்த உடனே உள்ள வச்சிருவேன்."

அப்போதுதான் பாட்டி உட்கார்ந்தார்.

காகிதங்களும் வேண்டும். காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்து நன்னடத்தைச் சரிபார்ப்புச் சான்று வாங்கி வைத்திருக்கிறார். மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். கணக்கோடு ரசீது கொடுக்கவும் வங்கியில் பேசவும் அது உதவுகிறது. காப்பகங்களுக்கு மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்கிறது. அக்கா துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டும் ஆறோடு நிறுத்துகிறார். ஏழாவது குழந்தைக்குக் கேட்டு வருபவர்களுக்கு, நான்கு தெரு தள்ளி இதே வேலை செய்யும் இன்னொரு பெண்ணின் நம்பரைக் கொடுப்பார். அந்தப் பெண்ணும் இடம் இல்லாதபோது இங்கே அனுப்புகிறார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, பிள்ளைகளின் படத்தை அவர் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை. சிரிக்கும் குழந்தை முகங்களைப் போட்டால் போன் வரும் என்று எத்தனையோ பேர் சொல்லியும் கேட்கவில்லை. மதியம் ஒரு படம் எடுத்து அந்தந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் அனுப்புவார். என் பிள்ளையின் முகத்தை வைத்து விளம்பரம் தேடாத வீடு என்பதே நான் நாலு பேரிடம் அவரைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம். அவர்களில் இரண்டு பேர் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள்.

போன மார்ச்சில் ஒரு சாயங்காலம், இஸ்திரி அண்ணன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். மருந்துக்கடையில் வேலை. தோளில் மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கடை மூட எட்டரை ஆகும், அதுவரை பார்த்துக்கொள்வீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா அலமாரியிலிருந்து நீள நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"இப்ப ஆறு பேர் இருக்காங்கம்மா, இடம் இல்ல. ஜூன்ல மூணு பேர் ஸ்கூலுக்குப் போறாங்க. அதுவரைக்கும் நாலு தெரு தள்ளி ஒரு பொண்ணு இருக்கா, நானே கூட்டிட்டுப் போறேன். ஜூன்ல இங்க வந்துரு. பாப்பா பேரு என்ன?"

அந்தப் பெண் சொன்ன பெயரை, ஜூன் என்று எழுதியிருந்த பக்கத்தின் முதல் வரியில் எழுதிக்கொண்டார்.