பூட்ஸ் ஒன்று, சோல் இரண்டு



மளிகை வியாபாரிக்கும் ஆற்றில் மீன் பிடிக்கும் பூட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சரக்கின் குணம் தெரிந்து விற்பவர் ஒரு வகை. பெட்டியை எடுத்துக் கொடுத்துப் பணத்தைக் கல்லாவில் போடுபவர் இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நாம் 2024 நவம்பரில் நியூசிலாந்து நாட்டில் ஒரு சிறு கடையில் நேரில் கண்டோம். கண்டதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறோம்.

நம் மகளும் மாப்பிள்ளையும் அந்நாட்டின் தென் தீவில், சவுத்லாண்ட் என்ற பகுதியில் வசிக்கிறார்கள். அங்கே கோர் என்றொரு சிற்றூர். மட்டௌரா என்ற ஆறு அதன் வழியே ஓடுகிறது. ட்ரவுட் மீனுக்குப் பேர் போன ஊர். ஊர் நடுவே பெரிய மீன் சிலையே வைத்திருக்கிறார்கள். ட்ரவுட் அந்த மண்ணின் மீன் அல்ல. நம் நீலகிரி ஓடைகளுக்கு வெள்ளையர் கொண்டுவந்து விட்டது போலவே, 1860களில் அங்கேயும் கொண்டுபோய் விட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கும் பழக்கம் உண்டு. முந்தைய ஆண்டில் சாதாரண ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கியவர், பாசிக் கல்லில் வழுக்கி விழுந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்து எழ முடியவில்லை. நண்பர் கை கொடுத்து இழுத்ததால் பிழைத்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. "நல்ல பூட்ஸ் இல்லாமல் ஆற்றுப் பக்கம் போகக் கூடாது" என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதை வாங்கத்தான் மாப்பிள்ளை நம்மையும் கடைக்கு அழைத்துப் போனார்.

ஆற்றில் ஏன் இறங்க வேண்டும்?

"கரையில் நின்றே தூண்டில் போடலாமே, மாப்பிள்ளை?" என்று கேட்டோம். "இல்லை மாமா, ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்பக்கம் பார்த்து நிற்கும். நாம் அதன் பின்னாலிருந்து போனால்தான் கண்ணில் பட மாட்டோம். பூச்சி போலச் செய்த தூண்டிலை வீச, கயிறு முதுகுக்குப் பின்னால் நீளமாகப் போய்வர வேண்டும். கரையில் மரம் செடியில் மாட்டிக்கொள்ளும்" என்றார்.

ஆகவே முழங்கால், தொடை அளவு நீரில் உருண்டைக் கற்கள் மேல் நடக்க வேண்டியிருக்கிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். எனவே அங்கே காலுக்கடியில் இருக்கும் சோல் வெறும் அலங்காரம் அல்ல, உயிர்ப் பொருள்.

மூன்று வகை சோல்

இந்த பூட்ஸுகளின் அடிப்பாகம் பொதுவாக மூன்று வகைப்படும்.

முதலாவது ஃபெல்ட். முத்திரை குத்தும் மை பேடில் இருக்குமே, அது போல இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த துணி. வழுக்குப் பாசி படிந்த கல்லில் இதைப் போலப் பிடிப்பது அரிது. ஆனால் சேற்றுக் கரையிலும் ஈரப் புல்லிலும் வழுக்கும். பனி பெய்யும் இடத்தில் அடியில் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டு கட்டை போலாகிவிடும். குடித்த தண்ணீரையும் சீக்கிரம் விடாது.

இரண்டாவது ரப்பர். கரையில் நெடுந்தூரம் நடக்க இதுதான் உகந்தது. கழுவுவது சுலபம், சீக்கிரம் காயும். பாசிக் கல்லில் மட்டும் ஃபெல்ட் அளவுக்குப் பிடிக்காது.

மூன்றாவது, ரப்பரில் உலோக ஆணி பதித்தது. டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினமான உலோகக் கலவையில் சிறு ஆணிகள் இருக்கும். சிலவற்றில் அலுமினியப் பட்டைகள் இருக்கும். அலுமினியம் மிருதுவானதாகையால் கல்லின் சொரசொரப்பு அதில் பதிந்து பிடிக்கும். ஆனால் ஆணி வைத்த பூட்ஸுடன் படகில் ஏறினால் தளம் கெடும். படகுக்காரர் ஏற்ற மாட்டார். கல்லில் உரசும் சத்தத்தில் மீனும் கலையும்.

மூன்றிலும் குறை இருக்கிறது, மூன்றிலும் நிறை இருக்கிறது. அதனால்தான் சோலைக் கழற்றி மாற்றும் பூட்ஸ் வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த கார்க்கர்ஸ் நிறுவனம் இதில் பெயர் பெற்றது. பூட்ஸின் அடியில் பள்ளங்கள் இருக்கும். சோலின் மேல்பக்கத்தில் அவற்றுக்கேற்ற முளைகள் இருக்கும். வைத்து அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். குதிகால் பக்கத்தில் ஒரு வார் இழுத்து மாட்டிக்கொள்ளும். சில நிமிட வேலைதான். பெரும்பாலும் ஒரு ஜோடி பூட்ஸுடன் இரண்டு ஜோடி சோல் தருகிறார்கள்.

ஈரத் துணியில் வந்த வினை

ஃபெல்ட்டைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. 2004ஆம் ஆண்டு, அதே சவுத்லாண்டில் வையாவ் என்ற ஆற்றின் கீழ்ப்பகுதியில் டிடிமோ என்ற பாசியைக் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். ஆனால் பெருகினால் ஆற்றின் அடிக் கற்களை எல்லாம் பழுப்புக் கம்பளம் போல மூடிவிடும். ஒரு சொட்டு நீரில் ஒட்டிக்கொண்டே அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். நாள் கணக்கில் காயாத ஃபெல்ட் சோல் அதற்கு நல்ல வாகனமாயிற்று. ஆகவே 2008இல் நியூசிலாந்து, ஃபெல்ட் சோலுடன் மீன் பிடிப்பதைத் தடை செய்தது.

அமெரிக்காவிலும் மேரிலாண்ட், வெர்மான்ட் மாநிலங்கள் 2011இலும், அலாஸ்கா 2012இலும், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 2018இலும் தடை கொண்டுவந்தன. பிற மாநிலங்கள் பலவற்றில் தடையில்லை. வெர்மான்ட் மட்டும் 2016இல் தடையை நீக்கிக்கொண்டது. இந்தப் பாசி சில ஆறுகளில் முன்பிருந்தே இருந்திருக்கலாம், நீரில் பாஸ்பரஸ் சத்து மிகக் குறையும்போதுதான் அது இப்படித் தடித்துப் படர்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னர் கூறினார்கள். ஆயினும் ஓர் ஆற்றின் உயிரை இன்னோர் ஆற்றுக்குச் சுமந்து போகக் கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. நியூசிலாந்தின் வைகாட்டோ ஆற்றில் 2023இல் கார்பிகுலா என்ற அந்நியச் சிப்பியைக் கண்டுபிடித்து, அந்த ஆற்றுக்கென்று தனி விதிகளே போட்டார்கள்.

சிம்ஸ் என்ற பெரிய அமெரிக்க நிறுவனம், 2010 முதல் ஃபெல்ட் செய்வதில்லை என்று தானாகவே அறிவித்தது. வாடிக்கையாளர் பலர் ரப்பரில் வழுக்குகிறது என்று முறையிட, சில காலத்தில் ஃபெல்ட்டை மீண்டும் கொண்டுவந்தது. ஒரு பக்கம் ஆற்றின் நலம், ஒரு பக்கம் ஆள் விழாமல் இருப்பது. இரண்டையும் அலட்சியம் செய்ய முடியாது.

கடைக்காரர் கேட்ட கேள்விகள்

நாம் போன கடையின் உரிமையாளர் நம் வயதுக்காரர். மாப்பிள்ளை நேரே விலை உயர்ந்த பூட்ஸைச் சுட்டிக்காட்டி "இதைக் கொடுங்கள்" என்றார். அவர் எடுக்கவில்லை. மாறாகக் கேள்வி கேட்டார்.

எந்த ஆறு? அடியில் கல்லா, சேறா? கரையில் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? படகில் ஏறுவதுண்டா? ஒரே வாரத்தில் வேறு ஆற்றுக்கும் போவீர்களா? மார்பு வரை போடும் வேடர் என்ற நீர்புகா உடை இருக்கிறதா, அதைக் கொண்டு வந்தீர்களா?

பதில்களைக் கேட்ட பிறகு, "நீங்கள் காட்டியது தோல் சேர்த்தது. அழகாக இருக்கும், காய நாளாகும். வாரம் இரண்டு ஆறு போகிறவருக்கு அது வேண்டாம்" என்று சொல்லி, அதைவிட விலை குறைந்த, செயற்கைத் துணியில் செய்த, சோல் மாற்றும் பூட்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார். சாதா ரப்பர் சோல் ஒன்று, ஆணி ரப்பர் சோல் ஒன்று.

மாப்பிள்ளை அப்போதுதான் ஒன்றை ஒப்புக்கொண்டார். இதே மாதிரி பூட்ஸை அமெரிக்காவிலிருந்து தபாலில் வரவழைக்க இருந்தாராம். விலை சற்றுக் குறைவு. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அங்கிருந்து வரும் பெட்டியில் ஒரு ஜோடி ஃபெல்ட்டாக இருக்கலாம். அதை மாட்டிக்கொண்டு இங்கே மீன் பிடித்தால் சட்டப்படி குற்றம். பாதிப் பணத்துக்குச் சரக்கு வீண்" என்றார். 2008இல் தம் அலமாரியில் இருந்த ஃபெல்ட் சரக்கு அத்தனையும் விலை போகாமல் நின்றதை அவர் மறக்கவில்லை. நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது நம்மில் பலர் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. அவரிடம் சொன்னோம். இருவரும் ஒரே தொழில்காரர் என்று கை குலுக்கினார்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அவர் சொன்னதையும் நாம் பார்த்ததையும் தொகுத்துத் தருகிறோம்.

1. அளவு: வேடரின் பாதம் தடித்த நியோப்ரீன் உறையாக இருக்கும். அதை அணிந்துகொண்டுதான் பூட்ஸைப் போட்டுப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குளிர்ந்த நீரில் பாதம் விறைத்துவிடும்.

2. கணுக்கால்: பூட்ஸ் கணுக்காலைச் சுற்றி உறுதியாகப் பிடிக்க வேண்டும். உள்ளே வந்த நீர் வெளியேற ஓட்டைகள் இருக்க வேண்டும்.

3. பூட்டு: சோலைக் கடையிலேயே நம் கையால் இரண்டு மூன்று முறை கழற்றி மாட்ட வேண்டும். மாட்டியபின் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். சரியாகப் பொருந்தாத சோல் நட்டாற்றில் கழன்றால் ஆபத்து.

4. உதிரி: சோல் தேயும். அதே மாதிரி சோல் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று முதலிலேயே கேட்க வேண்டும். குக்கர் வாங்கும்போது காஸ்கெட் கிடைக்குமா என்று கேட்பது போலத்தான் இதுவும்.

5. தேவை: ஒரே ஆறு, ஒரே மாதிரி கல் என்று இருப்பவருக்குச் சோல் மாற்றும் பூட்ஸ் தேவையே இல்லை. ரப்பர் சோலில் ஆணி முடுக்கிய சாதாரண பூட்ஸ் போதும். கழற்றி மாட்டும் பாகம் குறைந்தால் கோளாறும் குறையும்.

6. சுத்தம்: சோலை மாற்றிவிட்டால் ஆறு தப்பித்தது என்று நினைப்பது தவறு. கயிறு, நாக்குப் பகுதி, சோலுக்கும் பூட்ஸுக்கும் இடையிலுள்ள இடுக்கு ஆகியவற்றிலும் நீரும் மண்ணும் தங்கும். சோலைக் கழற்றித் தனியே கழுவ வேண்டும். டிடிமோவுக்கு அங்கே சொல்லும் முறை: பாத்திரம் கழுவும் திரவம் 500 மில்லியுடன் நீர் சேர்த்து 10 லிட்டராக்கி அதில் நன்றாக நனைப்பது, அல்லது தொட்டால் ஈரமில்லை என்ற நிலைக்குக் காய்ந்த பிறகு, மேலும் 48 மணி நேரம் விட்டுவைப்பது.

எந்த பூட்ஸும் ஆளைத் தாங்கிப் பிடித்துவிடாது என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. வேடருக்கு மேல் இடுப்பில் இறுக்கமாகப் பெல்ட் கட்ட வேண்டும். விழுந்தாலும் உள்ளே நீர் நிறைவதை அது தாமதப்படுத்தும். கையில் ஊன்றுகோல் வேண்டும். ஒரு காலை ஊன்றிய பிறகே மறு காலை எடுக்க வேண்டும். பூட்ஸுக்குக் கொடுக்க இருந்த பணத்தில் மீந்ததற்கு ஒரு ஊன்றுகோலை வாங்க வைத்தார்.

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை ஆற்றில் இறங்கினார். மகள் கரையில் நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு முறைகூட கால் வழுக்கவில்லை. வீடு திரும்பியதும் சோல்களைக் கழற்றி வாளியில் ஊற வைத்தார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மறு ஞாயிறுக்கும் போகலாம் என்பது அதன் பொருள்.

அன்பர்களே, அந்தக் கடைக்காரர் அன்று விலை உயர்ந்த பூட்ஸை விற்றிருக்கலாம். அதில் கூடுதலாக லாபம் கிடைத்திருக்கும். ஆனால் இனி மாப்பிள்ளை தபாலில் எதையும் வரவழைக்க மாட்டார். தம் நண்பர் இருவரையும் அதே கடைக்கு அனுப்பியிருக்கிறார். நம் கடைக்கு வருபவரிடமும் "என்ன வேண்டும்?" என்பதோடு நிறுத்தாமல், "எதற்கு வேண்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம். ஊர் திரும்பியதிலிருந்து நம் கடையில் அப்படித்தான் கேட்டு வருகிறோம்.