'டுப் டுப்' இல்லாத புல்லட் எடுபடுமா? அமெரிக்க மஸில் கார் முதல் நெய்வேலி கரண்ட் வரை

கடலூர் முதுநகரிலோ, சிதம்பரம் மேலவீதியிலோ ஒரு பழைய புல்லட் திரும்பினால் யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. சத்தமே சொல்லிவிடும். அமெரிக்காவில் இந்த அந்தஸ்து மஸில் கார்களுக்கு உண்டு. இப்போது ரெண்டு பேருக்கும் ஒரே சிக்கல்: மின்சார மோட்டாருக்கு அந்தச் சத்தம் கிடையாது.

இதற்கு அமெரிக்காவின் டாட்ஜ் நிறுவனம் ஒரு பதில் சொன்னது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு வேறு பதில் சொல்லியிருக்கிறது. இதில் எது எடுபடும்? கூடவே கடலூர் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு கேள்வியும் இருக்கு. அந்த வண்டிக்கு ஏறும் கரண்ட் எங்கிருந்து வருது?

மஸில் கார்னா என்ன?

நடுத்தர சைஸ், ரெண்டு கதவு, நடுத்தர வர்க்கம் வாங்கக்கூடிய விலை. ஆனால் பானட்டுக்குள் மட்டும் பெரிய காருக்கான வி8 இன்ஜின். அவ்வளவுதான் மஸில் கார். 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓ-வைத்தான் பலரும் முதல் ஆளாகச் சொல்வார்கள். நடுத்தர கார்களில் இவ்வளவு பெரிய இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸுக்குள்ளேயே ஒரு விதி இருந்தது. அதனால் அதைத் தனி மாடல் என்று சொல்லாமல், 'கூடுதல் வசதி' என்று கணக்குக் காட்டி 6.4 லிட்டர் இன்ஜினை உள்ளே தள்ளிவிட்டார்கள். செம ஐடியா இல்ல? அதே வருஷம் ஃபோர்டு மஸ்டாங், 1966-ல் டாட்ஜ் சார்ஜர் என்று வரிசையாக வந்தன. 1970-ன் காற்று மாசு சட்டம், எகிறிய இன்ஷூரன்ஸ், 1973-ன் எண்ணெய் நெருக்கடி மூன்றும் சேர்ந்து அந்த முதல் ஆட்டத்தை முடித்துவைத்தன.

நம்ம நாட்டில் அந்தத் தோற்றத்துக்குக் கிட்ட வந்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸா. நீளமான பானட், அகலமான முகம். ஆனால் 1984-ல் வந்தபோது உள்ளே இருந்தது அம்பாசிடரின் 1.5 லிட்டர் இன்ஜின்! பிறகு இசுஸு இன்ஜின் வந்து கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றியது. அதனால், ஊரே திரும்பிப் பார்க்கும் சத்தம் என்ற அர்த்தத்தில் நம்ம மஸில் கார் உண்மையில் ஒரு பைக்தான்.

அந்தச் சத்தம் எப்படி வருது?

புல்லட்டில் இருப்பது ஒரே ஒரு சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் கிராங்க் ரெண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு முறை பெட்ரோல் வெடிக்கும். பழைய 346 சிசி இன்ஜின் நிமிஷத்துக்கு 600 சுற்றில் மெதுவாக ஓடுது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 300 வெடிப்பு, அதாவது விநாடிக்கு 5. காதால் எண்ணிவிடலாம். அதுதான் அந்த 'டுப்... டுப்... டுப்'. அமெரிக்க வி8-ல் எட்டு சிலிண்டர்கள் மாறி மாறி வெடிப்பதால் விநாடிக்கு 50 வரை போகும். எண்ண முடியாது. ஒரே உறுமலாகக் கேட்கும்.

மின்சார மோட்டாரில் வெடிப்பே இல்லை. ஆக, சத்தம் வேணும்னா வெளியில் இருந்துதான் கொண்டுவரணும்.

டாட்ஜ் போட்ட ஸ்பீக்கர்

வி8 சார்ஜர், சேலஞ்சர் உற்பத்தியை டாட்ஜ் 2023 டிசம்பரில் நிறுத்தியது. அடுத்து வந்தது மின்சார சார்ஜர் டேடோனா. 670 குதிரைத் திறன், நின்ற இடத்தில் இருந்து மணிக்கு 96 கி.மீ. வேகத்தைத் தொட 3.3 விநாடி. காகிதத்தில் பழைய சார்ஜர்களை ஊதித் தள்ளும் வண்டி. ஆனாலும் 'ஃப்ராட்ஸோனிக்' என்ற பெயரில், பின்பக்கத்தில் காற்றறையோடு ஒரு ஸ்பீக்கர் அமைப்பை வைத்து, 126 டெசிபல் வரை உறுமும் என்று விளம்பரம் செய்தார்கள்.

வாங்குபவர்கள் பெரிதாக மயங்கவில்லை. ஆரம்ப விலை மாடலான ஆர்/டி-யை 2026 வரிசையில் இருந்து எடுத்துவிட்டார்கள். அதே உடலில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் வைத்த சார்ஜரும் வந்துவிட்டது. மஸ்டாங் பெயரை 2019-ல் ஒரு மின்சார எஸ்யூவிக்கு வைத்த ஃபோர்டும் பெட்ரோலை விடவில்லை. 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திய மறைமலைநகர் ஆலையில், 2029 முதல் இன்ஜின்கள் தயாரிக்கப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. முதலீடு 3,250 கோடி ரூபாய்.

எலெக்ட்ரிக் காரில் செயற்கைச் சத்தமே தப்பு என்று சொல்லவில்லை. நடந்து போகிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக, குறைந்த வேகத்தில் ஒலி எழுப்பும் கருவியை ஐரோப்பா கட்டாயமாக்கியிருக்கு. அது பாதுகாப்புக்கு. டாட்ஜ் செய்தது பழைய வண்டிக்கு மிமிக்ரி.

ராயல் என்ஃபீல்டு தொடாத பெயர்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோர்த்து, 1955-ல் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பைத் தொடங்கியது. ராணுவம் கொடுத்த ஆர்டர்தான் அதற்கு அடித்தளம். 1970 வாக்கில் அங்கே தாய் நிறுவனம் மூடப்பட்டது. இங்கே பிள்ளை பிழைத்துக்கொண்டது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகள்.

புல்லட்டின் சத்தம் எலெக்ட்ரிக் வருவதற்கு முன்பே குறைய ஆரம்பித்துவிட்டது என்பதை ரசிகர்கள் ஒத்துக்கொள்வார்கள். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் போய் புது இன்ஜின் வந்தபோதே "பழைய பீட் இல்லப்பா" என்ற புலம்பல் கேட்டது. 2020-ல் வந்த ஜே சீரிஸ் 349 சிசி இன்ஜினில் அதிர்வைக் குறைக்க பேலன்ஸர் ஷாஃப்டும் சேர்ந்தது. புலம்பல் கூடியது. விற்பனையும் கூடியது! 2024-25 நிதியாண்டில் அந்த நிறுவனம் 10 லட்சம் வண்டிகளைத் தாண்டியது.

2024 நவம்பரில் இத்தாலியின் மிலன் கண்காட்சியில் தங்கள் முதல் மின்சார பைக்கைக் காட்டியபோது, அதற்கு அவர்கள் புல்லட் என்று பெயர் வைக்கவில்லை. ஃப்ளையிங் ஃப்ளீ சி6 என்று வைத்தார்கள். பறக்கும் தெள்ளுப்பூச்சி! இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களோடு வானத்தில் இருந்து இறக்கப்பட்ட, சுமார் 60 கிலோ எடையுள்ள 125 சிசி குட்டி வண்டியின் செல்லப்பெயர் அது. முன் ஃபோர்க்கும் அந்தக் காலத்து ஸ்டைலில்தான் இருக்கு. 'லேசான ஊர் வண்டி' என்ற நினைவை எடுத்துக்கொண்டார்கள், 'டுப் டுப்' நினைவைத் தொடவில்லை. டாட்ஜைவிட இது புத்திசாலித்தனம் என்பது என் கணிப்பு. புல்லட்டோடு ஒப்பிட யாருக்கும் காரணமே கொடுக்கவில்லையே.

இழுவையில் எலெக்ட்ரிக் குறைச்சலா என்றால், இல்லை. ஜே சீரிஸ் இன்ஜினின் டார்க் 27 நியூட்டன் மீட்டர். ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டருக்கு 26. புல்லட்டுக்கு கியர்பாக்ஸ் கைகொடுக்கும் என்பதால் இது நேர் ஒப்பீடு இல்லைதான். ஆனால் மோட்டார் அந்த இழுவையை ஆக்ஸிலேட்டரைத் திருகியவுடனே கொடுத்துவிடும். சிக்னலில் புல்லட் தோற்பது அதனால்தான்.

நெய்வேலி கரண்ட்டில் ஓடினால்?

"பெட்ரோல் புகை அங்கே, நிலக்கரிப் புகை இங்கே, என்ன லாபம்?" கடலூர் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். பழுப்பு நிலக்கரியும் அனல்மின் நிலையங்களும் இங்கேதான் இருக்கு. சுரங்க விரிவாக்கத்தின் ஒரு பகுதியாக 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே மேல்வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதும் இங்கேதான்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. லிட்டருக்கு 35 கி.மீ. கொடுக்கும் புல்லட் என்றால் கிலோமீட்டருக்கு சுமார் 66 கிராம். மின்சார ஸ்கூட்டருக்கு 100 கி.மீ.க்கு 3 யூனிட் போதும். அந்த 3 யூனிட்டும் முழுக்க பழுப்பு நிலக்கரியில் இருந்தே வந்தது, யூனிட்டுக்கு 1.3 கிலோ என்று மோசமாகவே வைத்துக்கொண்டாலும் கிலோமீட்டருக்கு சுமார் 39 கிராம். நிஜத்தில் நம்ம பிளக்கில் காற்றாலை, சோலார், அணுமின்சாரம் எல்லாம் கலந்து வருவதால் இன்னும் குறையும்.

இப்போ அதே கரண்ட்டை 2.6 டன் எடையுள்ள சார்ஜர் டேடோனாவுக்குப் போடுங்கள். கிலோமீட்டருக்குக் கால் யூனிட்டுக்கு மேல் குடிக்கும். 300 கிராமைத் தாண்டிவிடும். பழைய பெட்ரோல் வி8 சார்ஜரும் கிட்டத்தட்ட அந்த அளவுதான் விட்டது! எலெக்ட்ரிக்கா, பெட்ரோலா என்பதோடு எடையையும் கேட்கணும்.

செலவில் சந்தேகமே இல்லை. கடலூர்–சிதம்பரம் போய்வர சுமார் 90 கி.மீ. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் புல்லட்டுக்கு 250 ரூபாய்க்கு மேல். யூனிட் 8 ரூபாய் என்றாலும் ஸ்கூட்டருக்கு 25 ரூபாய்க்குள். ஆனால் ஒரு சார்ஜில் நிஜமாக 100 கி.மீ. ஓடும் வண்டிக்கு இது விளிம்பு. போன இடத்தில் பிளக் பாயின்ட் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு இந்த மாவட்டத்தின் பல ஊர்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. ஜெனரேட்டர் வைத்த பெட்ரோல் பங்க் அப்போதும் ஓடும். வீட்டுச் சார்ஜர் ஓடாது. கடலூர்க்காரர்கள் ரெண்டாவது வண்டியாக எலெக்ட்ரிக் வாங்குவதில் நியாயம் இருக்கு.

அப்பாவின் புல்லட்டை என்ன செய்ய?

15 வருஷம் தாண்டினால் பதிவைப் புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 வருஷம் தாண்டிய பைக்குக்கு மத்திய அரசுக் கட்டணம் 2,000 ரூபாய். இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டார் கிட் மாட்டும் யோசனை இருந்தால், அனுமதி பெற்ற கிட்தானா என்று பார்த்து, ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். அதற்கு முன் வண்டியின் வயதைப் பாருங்கள். 2021-ன் மத்திய விதிப்படி, முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை 20,000 ரூபாய் கட்டி 'விஏ' எழுத்துள்ள நம்பர் பிளேட்டோடு விண்டேஜாகப் பதியலாம். தினசரி ஓட்ட முடியாது. தாத்தா காலத்து இன்ஜின், சேசிஸ் எதையும் பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது. மோட்டார் மாட்டிய புல்லட் அந்தக் கணக்கில் வராது.