கம்பெனிதான் வேற... மருந்து அதேதானா?

எனக்கு வயது 37. பத்தாம் வகுப்பு வரை படித்த இல்லத்தரசி. எட்டு வருடமாக தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். என்னைப் போல் தினமும் காலையில் இந்த மாத்திரையோடு கண் விழிக்கும் சகோதரிகள் நம்மில் ஏராளம். அந்தச் சின்ன மாத்திரைக்குள் மருந்தைத் தவிர வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை. எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொன்னால் நாலு பேருக்குப் பயன்படுமே என்றுதான் எழுதுகிறேன்.

என் நாத்தனாருக்கும் இதே பிரச்னை. தினமும், 75 மைக்ரோகிராம் மாத்திரை. ஒருமுறை, வழக்கமாக வாங்கும் மாத்திரை மருந்துக் கடையில் ஸ்டாக் இல்லை. 'கம்பெனிதான் வேற, மருந்து அதேதாம்மா' என்று வேறொன்றைக் கொடுத்திருக்கிறார் கடைக்காரர். பத்தே நாளில் கை, கழுத்தெல்லாம் தடிப்பு தடிப்பாக அரிப்பு. 'இது எனக்கு ஒத்துக்கலை அண்ணி' என்றவள், டாக்டரைக் கேட்காமல் தானாகவே நிறுத்தி விட்டாள்.

அரிப்பு நின்றது. ஆனால், இரண்டு மாதத்தில் முகம் ஊதி, குரல் கட்டி, மலச்சிக்கல், படுத்தால் எழுந்திருக்க முடியாத அசதி. ரத்தத்தை சோதித்தால், 4, 5க்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச்., 48 என்று வந்தது. பிள்ளைகளுக்கு சோறு போடக் கூட தெம்பில்லாமல் கிடந்தாள், பாவம்!

டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். பிறகு, பழைய பாட்டில், புது பாட்டில் இரண்டையும் கொண்டு வரச் சொல்லி, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தார். புது மாத்திரையில் மஞ்சள் சாயம் ஒன்று சேர்த்திருந்தது. 'இதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா, சிலருக்கு இந்த மாதிரி சாயம் தடிப்பை உண்டாக்கும். சாயம் சேர்க்காத வெள்ளை மாத்திரையா, 50ம், 25ம் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம்' என்றார். அது ஒத்துக்கொண்டது. உடம்பு பழைய நிலைக்கு வர நாலு மாதமானது.

பி.பார்ம்., படிக்கும் என் அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன். 'அத்தை, ஒரு கிராம் மருந்தை பதிமூணாயிரம் பேருக்குப் பங்கு போட்டா, ஆளுக்கு எவ்வளவு வருமோ, அதுதான் 75 மைக்ரோகிராம். அது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். கையில எடுத்துப் போடற மாதிரி மாத்திரையா ஆக்கத்தான் மத்ததெல்லாம் சேர்க்கறாங்க' என்றாள்.

பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை, மக்காச்சோள மாவு, கருவேலம் பிசின் வகை, மாத்திரை மெஷினில் ஒட்டாமல் இருக்க மெக்னீசியம் ஸ்டீரேட், சில மாத்திரைகளில் சாயம்... இவை கம்பெனிக்கு கம்பெனி மாறும். பெரும்பாலானவர்களை இவை ஒன்றும் செய்வதில்லை. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய, 9 கிராம் லாக்டோஸ் உண்டு; ஒரு மாத்திரையில் அதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். எனவே, பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களும் வீணாகப் பயப்பட வேண்டாம். மிகவும் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத்தான் தொந்தரவு. கோதுமை அறவே ஆகாத சிலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும், மாத்திரையில் உள்ள மாவு எதனுடையது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அவள் சொன்ன இன்னொரு விஷயம், பிரான்ஸ் நாட்டில் நடந்தது. அங்கே, சுமார் 30 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், 'லெவோதைராக்ஸ்' என்ற ஒரே மாத்திரையைத்தான் சாப்பிட்டு வந்தனர். நாள்பட்டாலும் மருந்தின் வீரியம் குறையக் கூடாது என்பதற்காக, 2017 மார்ச்சில் லாக்டோசை எடுத்து விட்டு, மானிட்டாலும், சிட்ரிக் அமிலமும் சேர்த்தனர். மருந்து என்னவோ அதேதான். ஆனால், தசைப் பிடிப்பு, அசதி, தலைசுற்றல், முடி உதிர்வு என ஆயிரக்கணக்கானோர் புகார் செய்தனர். மாற்றி வாங்க வேறு மாத்திரையும் கடைகளில் கிடையாது. அந்த வருடம் அக்டோபரில், பழைய கலவையில் செய்த மாத்திரையை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. நமக்கு, பல கம்பெனி மாத்திரைகள் கிடைப்பதால், ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்றை முயற்சி செய்ய வழி இருக்கிறது.

இதிலிருந்து நாங்கள் தெரிந்து கொண்டு, வீட்டில் கடைப்பிடிப்பவை:

* ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். கர்ப்பிணிகள் ஒருநாளும் அலட்சியமாக இருக்கக் கூடாது. குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். உதடு, முகம் வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

* பாட்டில் தீருவதற்கு, 15 நாளைக்கு முன்பே அடுத்ததை வாங்கி விடுவேன். கடைசி நாளில் போய் நின்றால்தான், 'இதுதான் இருக்கு' என்று கொடுப்பதை வாங்க நேரிடும்.

* மாத்திரையின் பெயர், கம்பெனி, நிறம், வாங்கிய தேதியை பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். உள்ளே இருக்கும் காகிதத்தையும் எறிவதில்லை. சேர்மானப் பொருட்களின் பெயர்கள் அதில்தான் விவரமாக இருக்கும். இல்லாவிட்டால், டாக்டரிடமோ, மருந்தாளுனரிடமோ கேட்கலாம்.

* கம்பெனி மாறினால், 6 முதல் 8 வாரத்துக்குள் டி.எஸ்.எச்., பார்த்து விட வேண்டும். அதே 75 என்றாலும், உடம்பில் சேரும் அளவு கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

* மாத்திரையைக் குறை சொல்லும் முன், நம் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு, 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

* அடுப்பு மேடை அலமாரியில் வைக்காதீர்கள். வெயிலும், ஈரமும் இதற்கு ஆகாது. பாட்டிலை நன்றாக மூடி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

சகோதரிகளே... புடவை வாங்கினால் சாயம் போகுமா என்று நூறு தடவை கேட்கிறோம். வாழ்நாள் முழுக்க விழுங்கும் மாத்திரையில் என்ன சாயம் என்று ஒரு தடவை கேட்டால் என்ன? கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படியே கோபித்தாலும், உடம்பு நம்முடையதுதானே!

- ஒரு வாசகி, மணப்பாறை.