பூட்டிய பெட்டி, திறந்த சாவி

வீட்டு ரூட்டருக்குள் ஓடும் ப்ரோகிராம் யாருடையது? தேனியிலும் தர்மசாலாவிலும் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டவர்கள் உண்டு. சுதந்திர மென்பொருளுக்குப் பேர்போன திருவனந்தபுரம் இனி அதைத் தன் வீட்டுச் சுவரிலேயே தேட வேண்டும்.

துலாவர்ஷம் தொடங்கிவிட்டால் திருவனந்தபுரத்தில் வெயில் இறங்கும் முன்பே இடி உறுமத் தொடங்கிவிடும். ஸ்ரீவராகம் கோயில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்த நேரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே காரியம்தான். முதலில் டி.வி. பிளக்கைப் பிடுங்குவார்கள். அடுத்து, சுவரில் தொங்கும் கொம்பு முளைத்த வெள்ளைப் பெட்டியின் பிளக்கை. துபாயில் இருக்கும் மகனின் முகம், பேத்தியின் ஆன்லைன் பாடம், கரண்ட் பில், பாங்க் கணக்கு என்று எல்லாமே இன்று அந்த ரூட்டர் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன.

இடிக்குத் தப்பும் பெட்டி வயதுக்குத் தப்புவதில்லை. சில ஆண்டுகளில் அது அலமாரிக்குப் போகிறது. அங்கிருந்து ஆக்ரிக் கடைக்கு. தமிழ்நாட்டில் காயலான் கடை என்பார்களே, அதுதான். எடைக்குப் போகும் இந்தப் பெட்டிகளில் பலவற்றில் ஒரு பாகமும் கெட்டிருக்காது. சிப் வேலை செய்யும். ஆன்டெனா வேலை செய்யும். செத்துப்போனது உள்ளே இருக்கும் ப்ரோகிராம்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த ப்ரோகிராம் மீது கம்பெனிக்கு இருந்த அக்கறை.

ரூட்டர் என்பது திரையும் கீபோர்டும் இல்லாத ஒரு சின்ன கம்ப்யூட்டர். பிராசஸர் உண்டு, மெமரி உண்டு, கரண்ட் போனாலும் எழுதியது அழியாத ஃபிளாஷ் சிப் உண்டு. அந்த ஃபிளாஷில் இருக்கும் ப்ரோகிராமுக்குப் பெயர் ஃபர்ம்வேர். எந்தத் தகவல் உள்ளே வரலாம், எது வெளியே போகலாம், ரேடியோ எவ்வளவு சக்தியுடன் ஒலிபரப்பலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். அதை எழுதித் தருபவர் தயாரிப்பாளர். புது மாடல் சந்தைக்கு வந்தபின் பழைய மாடலைத் திருத்திக்கொண்டிருப்பதில் அவருக்கு லாபமில்லை. ஓட்டைகள் ஓட்டைகளாகவே நிற்கும்.

இதன் விளைவு 2018 மே மாதம் தெரிந்தது. விபிஎன்ஃபில்டர் என்ற நச்சு ப்ரோகிராம் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்திருப்பது அம்பலமானது. அவற்றில் பெரும்பாலானவை வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரூட்டர்கள். சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. விளக்குகள் வழக்கம்போலப் பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தன.

மாற்று வழி ஒன்று உண்டு. கம்பெனியின் ஃபர்ம்வேரை அழித்துவிட்டு, எல்லோரும் படித்துப் பார்க்கக்கூடிய, திருத்தக்கூடிய ஒன்றை அதே பெட்டியில் ஏற்றுவது. உலகெங்கும் ப்ரோகிராமர்கள், பெரும்பாலும் சம்பளமில்லாமல், 20 ஆண்டுகளுக்கும் மேலாக இப்படிப்பட்ட ஃபர்ம்வேரை எழுதி வெளியிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு வழி திறந்தது ஒரு லைசென்ஸ். அந்த லைசென்ஸின் கதையில் திருவனந்தபுரத்துக்கும் ஓர் இடம் உண்டு.

பந்தியில் உட்கார்ந்தவர் பரிமாறவும் வேண்டும்

2001 ஜூலையில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த நகருக்கு வந்து சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் இந்திய அமைப்பைத் தொடங்கிவைத்தார். ஆசியாவில் அதுவே முதலாவது. அவர் 1989ல் வெளியிட்ட ஜி.பி.எல். என்ற பொது லைசென்ஸின் சாரம் இவ்வளவுதான்: ப்ரோகிராமை யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அடுத்தவர் கையில் கொடுக்கும்போது அதன் மூல வடிவமான சோர்ஸ் கோடையும் தர வேண்டும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் எழுந்து பரிமாறவும் வேண்டும் என்ற நியாயம். லினக்ஸ் இந்த லைசென்ஸின் கீழ்தான் வருகிறது.

இந்த நிபந்தனைக்குப் பல் இருக்கிறதா என்பது இரண்டே ஆண்டுகளில் சோதிக்கப்பட்டது. சோதனைக்கு வந்தது ஒரு ரூட்டர். 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல-கறுப்புப் பெட்டியை வெளியிட்டது. வீட்டுக்கு வாங்கக்கூடிய விலை, நல்ல வேகம். அடுத்த மார்ச்சில் லிங்க்சிஸையே 50 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது சிஸ்கோ. ஜூன் மாதம் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்ற ப்ரோகிராமர் ஒரு விஷயத்தைப் பகிரங்கப்படுத்தினார். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். ஆனால் சோர்ஸ் கோட் எங்கும் கிடைக்கவில்லை. லினக்ஸ் வட்டாரத்தில் எழுந்த நெருக்கடிக்குப் பின் சோர்ஸ் கோட் வெளிவந்தது.

அதை விதையாக வைத்து 2004 ஜனவரியில் பிறந்தது ஓபன்டபிள்யூஆர்டி. ஒரே பெட்டிக்காக ஆரம்பித்த இந்த ஃபர்ம்வேர் இன்று பல கம்பெனிகளின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடல்களில் ஓடுகிறது. ஆரம்ப காலப் பதிப்புகளுக்கு ஒயிட் ரஷ்யன், காமிகாஸே என்று காக்டெயில் பெயர்கள். ரூட்டருக்குள் நுழைந்தால் முகப்பிலேயே அதைக் கலக்கும் முறையும் எழுதியிருக்கும்!

லிங்க்சிஸ் 2005ல் அதே பெயரில் வந்த பெட்டியிலிருந்து லினக்ஸை எடுத்துவிட்டு வேறொரு சிஸ்டத்தைப் போட்டது. ஃபிளாஷும் மெமரியும் பாதியாகக் குறைந்தன. ஆனால் திறந்த பெட்டியின் ருசி கண்டவர்கள் விடவில்லை. லினக்ஸ் ஓடும் பழைய வடிவத்தைப் பெயரில் 'எல்' சேர்த்துத் தனி மாடலாகவே விற்க வேண்டிவந்தது. லிங்க்சிஸின் வேறு பல கருவிகளுக்கும் சோர்ஸ் கோட் தரவில்லை என்று 2008 டிசம்பரில் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. 2009 மே மாதம் சமரசம். லைசென்ஸை மதித்து நடக்கிறோமா என்று பார்க்கவே ஓர் அதிகாரியை நியமிக்க சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

செங்கல் பயம்

ஃபர்ம்வேரை எழுதுவது பாதி வேலை. நாலு பேர் நம்பி ஏற்றும்படி வெளியிடுவது மீதிப் பாதி. கம்ப்யூட்டரில் ஒரு ப்ரோகிராம் கெட்டால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். ரூட்டரில் தப்பான ஃபர்ம்வேர் ஏறினால், அல்லது ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், விளக்கு எரியாது, பேச்சு மூச்சு இருக்காது. இந்த வட்டாரத்தில் அதற்குப் பெயர் 'செங்கல்'. பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் பின்களில் ஒயர் இணைத்து உயிர் கொடுக்கத் தெரிந்தவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு அது செங்கல்தான்.

ஆகவே ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக ஃபர்ம்வேர் தயாரிக்க வேண்டும். மேலே ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே வேறு சிப் இருக்கலாம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள வெர்ஷன் எண்ணைப் பார்க்காமல் கைவைப்பவர்தான் பெரும்பாலும் செங்கலுக்கு ஆளாகிறார். சோதனைப் பதிப்பை முதலில் வெளியிட்டு, கையில் பெட்டி வைத்திருப்பவர்கள் ஓட்டிப் பார்த்துப் புகார் சொன்ன பிறகே நிரந்தரப் பதிப்பு வரும். வழியில் யாரும் மாற்றிவிடவில்லை என்று சரிபார்க்க டிஜிட்டல் கையெழுத்தும் உண்டு. பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் மறுபடி எல்லா மாடலுக்கும் முதலிலிருந்து வேலை.

இந்த இடத்தில்தான் சண்டையும் வந்தது. வெளியீடுகள் தாமதமாகின்றன, முடிவுகள் வெளிப்படையாக எடுக்கப்படுவதில்லை என்று கூறி 2016ல் முக்கியமான ப்ரோகிராமர்கள் பலர் பிரிந்துபோய் லீட் என்ற தனி முயற்சியைத் தொடங்கினார்கள். 2018 ஜனவரியில் இரண்டும் ஒன்றாயின. பழைய பெயர், புதியவர்களின் ஒழுங்குமுறை. கம்பெனியில் இப்படிப் பிளவு வந்தால் வாங்கியவர்கள் அனாதைகளாகியிருப்பார்கள். கோட் எல்லோருக்கும் பொது என்பதால் இங்கே யாரும் எதையும் இழக்கவில்லை.

செங்கல் பயத்துக்கும் ஒரு மருந்து வந்திருக்கிறது. 2024 நவம்பரில் இந்த அமைப்பு தன் பெயரிலேயே ஓபன்டபிள்யூஆர்டி ஒன் என்ற ரூட்டரை வெளியிட்டது. அதில் இரண்டு ஃபிளாஷ் சிப்கள். ஒன்றில் தப்பு நடந்தால், ஒரு சுவிட்சைத் தள்ளி இன்னொன்றிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

தேனியின் புகைபோக்கி

இதனால் சாதாரண மனிதர்களுக்கு என்ன லாபம்? தேனிக்குப் போனால் தெரியும்.

அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டார ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்களைத் தொடங்கியது. ஒவ்வொன்றிலும் டாக்டரை உட்கார வைக்க முடியாது. மையத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் பரிசோதிக்க, தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியுடன் பேச வேண்டும். அதற்குப் போதுமான இணைப்பு அன்று கிராமங்களில் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வைஃபை கொண்டே செய்யலாம் என்று வந்தார்கள்.

ஆனால் வைஃபை வீட்டுக்குள் பேசப் பிறந்தது. ஒரு தகவலை அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்கு மிகக் கொஞ்ச நேரமே காத்திருக்கும். வராவிட்டால் தொலைந்தது என்று நினைத்து மறுபடி அனுப்பும். 15 கி.மீ. தூரத்துக்கு ரேடியோ அலை போய்த் திரும்ப ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். நமக்கு அது ஒன்றுமில்லை. வைஃபைக்கு யுகம். ஆராய்ச்சியாளர்கள் லினக்ஸில் ஓடும் சிறிய ரூட்டர் போர்டுகளில் இந்த விதியையே மாற்றி எழுதினார்கள். இரு முனைகளும் முறை வைத்துப் பேசும், பதில்கள் மொத்தமாக வரும். கோட் பூட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

முதலில் 5 மையங்கள், 9 இணைப்புகள். ஒரு கி.மீ. முதல் ஆண்டிப்பட்டி வரை போகும் 15 கி.மீ. வரை. சில இடங்களில் கோபுரம் கட்டினார்கள். ஓர் இடத்தில் மில் வளாகத்தில் இருந்த மின்நிலையப் புகைபோக்கியே கோபுரமானது. உண்மையான எதிரி கரண்ட். ஏறி இறங்கும் மின்னழுத்தம் போர்டுகளை எரித்தது, ஃபிளாஷில் எழுதியதைக் கெடுத்தது. அதைச் சமாளிக்கும் கருவிகளையும் அவர்களே வடிவமைக்க வேண்டியிருந்தது. இதே மாற்றிய சாஃப்ட்வேர் 2007ல் வெனிசுவேலாவில் இரு மலைகளுக்கு இடையே 382 கி.மீ. தூரம் வைஃபை இணைப்பைத் தாங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கோழிக்கோட்டுக்கு உள்ள நேர்கோட்டுத் தூரத்தைவிட அது அதிகம்.

வடக்கே தர்மசாலாவில் இன்னொரு கதை. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கட்டிடத்துக்கு வெளியே பயன்படுத்த லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய அரசு அறிவித்தது. அடுத்த மாதமே அங்கே திபெத்திய நிறுவனங்களை இணைக்கும் வலை எழுந்தது. அதற்குப் பயன்பட்டவை அதே லிங்க்சிஸ் பெட்டிகள். திறந்த ஃபர்ம்வேர் ஏற்றி, மழைக்குத் தாங்கும் உறையில் போட்டுக் கூரைகளில் நிறுத்தினார்கள். பெட்டிகள் ஒன்றிடமிருந்து ஒன்று தகவலை வாங்கிக் கைமாற்றும். ஏர்ஜால்டி என்ற அமைப்பு அந்த முயற்சியிலிருந்து வளர்ந்தது.

வீட்டுக்குள்ளும் பலன் உண்டு. பேரன் வீடியோ ஒன்றை அனுப்பத் தொடங்கியதும் தாத்தாவின் துபாய் கால் திக்குகிறது என்றால், குறை பெரும்பாலும் வேகத்தில் இல்லை. தகவல்கள் ரூட்டரில் நீளமான க்யூவில் நிற்பதால் வரும் தாமதம் அது. க்யூவைச் சுருக்கும் முறைகள் 2012 வாக்கில் திறந்த ஃபர்ம்வேரில்தான் முதலில் ஓட்டிப் பார்க்கப்பட்டன. அப்புறம்தான் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன.

சுவரில் தொங்கும் கேள்வி

எல்லாம் சுலபம் என்று சொல்லிவிட முடியாது. வைஃபை சிப் தயாரிப்பாளர்கள் பலர் விவரங்களைத் தருவதில்லை. ஃபைபர் முனையில் சர்வீஸ் கம்பெனி மாட்டிவிட்டுப் போகும் பெட்டியில் பொதுவாக வேறு ஃபர்ம்வேர் ஏற்ற வழியில்லை. அதன் பின்னால் சொந்தமாக இன்னொரு ரூட்டரை வைத்துக்கொள்வதே இன்றைய உபாயம். ரேடியோ சக்தி குறித்த கவலையும் நியாயமானது. அமெரிக்காவில் 2016ல் அனுமதித்த சக்தியை மீறிய ரூட்டர்களுக்காக டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்டியது. அதே உடன்பாட்டில், திறந்த ஃபர்ம்வேருக்கு வழிவிடவும் அது ஒப்புக்கொண்டது. சட்டமும் திறந்த பெட்டியும் சேர்ந்தே வாழலாம் என்பதற்கு அது சாட்சி.

கேரளத்துக்கு இந்தக் கேள்வி மற்ற மாநிலங்களைவிட நெருக்கமானது. பள்ளிக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிய மாநிலம் இது. அதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று பள்ளிகளின் தொழில்நுட்ப அமைப்பான கைட் 2019ல் கணக்குச் சொன்னது. சுதந்திர மென்பொருளுக்கென்றே ஐசிஃபாஸ் என்ற அரசு மையம் 2011 முதல் இங்கே இயங்குகிறது. 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் ஃபைபர் வலை தொடங்கியபோது அரசு சொன்ன இலக்கு: 30,000 அரசு அலுவலகங்கள், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு. அத்தனை முனைகளிலும் ஒரு பெட்டி தொங்கும். அந்தப் பெட்டிகளை வாங்கும் டெண்டர் எதுவானாலும், சோர்ஸ் கோட் தர வேண்டும், பூட்டு கூடாது, இத்தனை ஆண்டுகள் திருத்தம் வர வேண்டும் என்று மூன்று வரிகள் சேர்ப்பதற்குச் செலவு அதிகமில்லை. சேர்க்காவிட்டால் வரும் செலவை ஏழைக் குடும்பங்கள்தான் தாங்க வேண்டும், சில ஆண்டுகள் கழித்து.

பள்ளியில் லினக்ஸ் படித்த பிள்ளைகள் இன்று ஸ்ரீவராகத்து வீடுகளிலும் இருக்கிறார்கள். அலமாரியில் கிடக்கும் பழைய ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரை அவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். ஆக்ரிக்காரர் அடுத்த வாரமும் வருவார்.